தானியம் ஏற்றும் புதிய ரயில் பெட்டிகளும் கரிசல் விவசாயியும்

உழவனுடைய வேலை அறுவடையோடு முடிந்துவிடுவதில்லை. விதைத்ததைக் காத்து, விளைந்ததை அடித்துத் தூற்றிக் களத்தில் குவித்த பின்னரும் ஒரு பெரும் வேலை எஞ்சி நிற்கிறது. அத்தானியத்தை, அது தேவைப்படும் இடத்திற்குச் சேதமின்றிக் கொண்டு சேர்ப்பதே அவ்வேலை. விளைச்சலைப் பெருக்கும் வழிகளைப் பற்றி நாம் பல முறை பேசியிருக்கிறோம். விளைந்த பொருளின் பயணத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. தானியம் ஏற்றும் ரயில் பெட்டிகள் எவ்வாறு மாறி வந்திருக்கின்றன, அம்மாற்றத்தால் கழுகுமலை, கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் விவசாயிக்கு விளையக்கூடிய நன்மை யாது, அந்நன்மையைப் பெற ஊராட்சிகளும் விவசாயிகளும் செய்யவேண்டுவன யாவை என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கழுகுமலைக்கு அண்மையில் உள்ள ரயில் நிலையங்கள் கோவில்பட்டியும் சங்கரன்கோவிலுமே. இரண்டும் சுமார் இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. நமது மக்காச்சோளமோ களத்திலிருந்து லாரியிலேயே செல்கிறது. 'அப்படியிருக்க, ரயில் பெட்டியைப் பற்றி நமக்கு என்ன கவலை?' என்று சிலர் கேட்கலாம். கவலை உண்டு. நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கு நம் வட்டாரத்திலிருந்து மக்காச்சோளம் போகிறது. அதே பண்ணைகளுக்குப் பீகார் போன்ற வட மாநிலங்களிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, சரக்கு ரயிலில் மக்காச்சோளம் வந்து இறங்குகிறது. நாம் ரயிலில் ஏற்றாவிடினும், ரயில் ஏற்றி வரும் தானியத்தோடு நமது தானியம் சந்தையில் போட்டியிட்டே தீரவேண்டும். அன்றியும், காவிரிப் படுகையில் விளைந்த நெல் அரவைக்காகப் பிற மாவட்டங்களுக்குச் சரக்கு ரயிலில் அனுப்பப்படுவது நெடுநாளைய வழக்கம். ஆகவே விற்கும் தானியத்திற்கும் உண்ணும் தானியத்திற்கும் ரயிலோடு தொடர்பு இருக்கிறது.

இருப்புப்பாதை வந்த காலம்

தென்னிந்திய ரயில்வேயின் பாதை தூத்துக்குடி வரை திறக்கப்பட்டது 1876-ஆம் ஆண்டில். சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் பற்றியதும் அதே ஆண்டில்தான். துறைமுகங்களில் இறங்கிய அரிசியை உள்நாட்டிற்குக் கொண்டு செல்ல ரயில் உதவியது உண்மை. ஆனால் வாங்கும் சக்தியற்ற ஊரிலிருந்து, விலை மிகுந்த நகரத்திற்குத் தானியத்தை வணிகர்கள் விரைவாக அள்ளிச் செல்லவும் அதே ரயில் பயன்பட்டது. இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. போக்குவரத்துச் சாதனம் தானாக எவருக்கும் நன்மையோ தீமையோ செய்வதில்லை. யார் அதை ஒழுங்குபடுத்திப் பயன்படுத்துகிறார்களோ அவர்களுக்கே அது பயன் தருகிறது.

பழைய பெட்டியின் குறைகள்

முற்காலத்துச் சரக்குப் பெட்டி நான்கு சக்கரங்களைக் கொண்டது. 'வாகன்' என்று நாம் வழங்கும் அப்பெட்டி, அகலப் பாதையில் சுமார் 22 டன் ஏற்றும். நமது பகுதியின் மீட்டர் பாதையில் ஓடியவை அதனினும் சிறியவை. அவற்றின் அச்சுகளும் தடைக் கருவிகளும் பழைய முறையில் அமைந்திருந்தமையால் விரைந்து செல்ல இயலாது. வடக்கிலிருந்து அகலப் பாதையில் வந்த மூட்டைகளை, மீட்டர் பாதை தொடங்கும் இடத்தில் இறக்கி வேறு பெட்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றும்போதும் சாக்கு கிழிந்து தானியம் சிந்தியது. கூரை ஒழுகினால் மழை நீர் புகுந்து மூட்டை முளைகட்டியது.

ஆயினும் அப்பழைய பெட்டிக்கு ஒரு நற்குணம் இருந்தது. ஒரு சிறு வியாபாரியோ கூட்டுறவுச் சங்கமோ ஒரே ஒரு பெட்டியைப் பதிவு செய்து, ஒரு சிறிய நிலையத்திலிருந்தே அனுப்ப முடிந்தது. இதனை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் இதைப் பற்றிக் கூறுவோம்.

புதிய பெட்டியின் சிறப்பு

கோவில்பட்டி வழியாகச் செல்லும் பாதை 1990-களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. இதனால் வட இந்தியாவில் ஏற்றிய பெட்டி இடைமாற்றமின்றி நம் மாவட்டம் வரை வர வழி பிறந்தது. பெட்டிகளும் மாறின. எட்டுச் சக்கரங்களும் காற்றுத் தடையும் உருளைத் தாங்கிகளும் கொண்ட மூடு பெட்டிகள் 1980-களிலிருந்து பெருகின. இவற்றிற்கு ரயில்வேயார் இட்ட பெயர் பி.சி.என். என்பதாகும். அதன் பின்னர், 2000-ஆம் ஆண்டை அடுத்த பத்தாண்டில், பி.சி.என்.எச்.எல். என்னும் இன்னும் திறமான பெட்டி வந்தது.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கணக்கால் விளக்கலாம். முதலாவது பெட்டியின் சொந்த எடை சுமார் 27 டன். அது ஏற்ற வடிவமைக்கப்பட்ட சரக்கு சுமார் 54 டன். அதாவது, ஒரு டன் பெட்டிக்கு இரண்டு டன் சரக்கு. இரண்டாவது பெட்டியின் சொந்த எடை சுமார் 21 டன்; ஏற்றும் சரக்கு சுமார் 70 டன். ஒரு டன் பெட்டிக்கு மூன்று டன்னுக்கு மேல் சரக்கு. பழைய பெட்டி பதினைந்து மீட்டர் நீளம் இருந்தது. புதியது பதினொரு மீட்டரே. எனவே ஒரு நிலையத்தின் பாதையில் 42 பெட்டிகள் நின்ற இடத்தில் இப்போது 58 பெட்டிகளை நிறுத்தலாம். பாதையும் நிலையமும் நீளாமலேயே ஒரு வண்டி சுமக்கும் தானியம் கூடிவிட்டது. எஞ்சினின் சக்தி இரும்பை இழுப்பதில் வீணாகாமல் தானியத்தை இழுப்பதில் செலவாகிறது. பெட்டியைப் புதுப்பித்தல் என்பதன் அடிப்படை நோக்கம் இதுவே.

குலுக்கையைப் போன்ற பெட்டி

மேற்கூறியவை சாக்கு மூட்டைகளை அடுக்கும் பெட்டிகள். சாக்கே இல்லாமல் தானியத்தை அப்படியே கொட்டிச் செல்லும் பெட்டிகளும் உண்டு. இவற்றை நம் கரிசல் மக்களுக்கு விளக்குவது எளிது. நம் முன்னோர் வீட்டில் இருந்த குலுக்கையை நினைவு கூர்ந்தால் போதும். குலுக்கையில் தானியத்தை மேல் வாய் வழியாகக் கொட்டுவார்கள். எடுக்கும்போது அடியில் உள்ள துளையின் அடைப்பை நீக்கினால் தானியம் தானே சரிந்து விழும். புதிய பெட்டியும் அவ்வாறே மேலே மூடியும், உள்ளே சரிவான சுவர்களும், அடியில் திறக்கும் கதவும் கொண்டது. ஏற்றுவதும் இறக்குவதும் தானியத்தின் எடையாலேயே நிகழ்கின்றன.

இம்முறை நமது நாட்டில் கோதுமைக்கு நடைமுறையில் உள்ளது. உணவு தானியங்களை மொத்தமாகக் கையாள்வதற்கான தேசியக் கொள்கையை மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் வகுத்தது. அதன்படி, இந்திய உணவுக் கழகத்திற்காக அதானி குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் பஞ்சாபில் மோகா என்னுமிடத்திலும் ஹரியானாவில் கைத்தால் என்னுமிடத்திலும் பெரிய எஃகுக் களஞ்சியங்களை அமைத்தது. அங்கிருந்து தனி வண்டிகளில் கோதுமை சாக்கின்றிப் புறப்பட்டு, சென்னை, கோயம்புத்தூர் முதலிய இடங்களில் உள்ள களஞ்சியங்களை அடைகிறது. 1965-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் தோன்றிய அக்கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் நமது தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

ஆயினும் நாட்டில் பெரும்பாலான தானியம் இன்றும் சாக்கிலேயே செல்கிறது. சணல் விவசாயிகளையும் ஆலைத் தொழிலாளரையும் காக்கும் பொருட்டு, 1987-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று உணவு தானியங்களைச் சணல் சாக்கில் கட்டுவதை வற்புறுத்துகிறது. சுமை தூக்கிப் பிழைக்கும் குடும்பங்களின் நலனையும் நாம் மறத்தலாகாது. ஆதலின் சாக்கு உடனே மறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். சாக்கில் நேரும் சேதத்தைக் குறைப்பதே உடனடியாக நாம் செய்யக்கூடியது.

சிந்துவது எவ்வளவு?

நாற்பத்திரண்டு பெட்டிகள் கொண்ட முழு வண்டியை 'ரேக்' என்பர். நாமக்கல்லுக்கு வரும் மக்காச்சோள ரேக் ஒன்றில் ஏறத்தாழ 2,600 டன் இருக்கும். ஐம்பது கிலோ மூட்டைகளாகக் கணக்கிட்டால் 52,000 மூட்டைகள். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் வழியில் கால் கிலோ சிந்தினால், மொத்தம் 13 டன் போய்விடும். ஒரு சிற்றூரின் பல குடும்பங்கள் ஆண்டு முழுவதும் உண்ணும் தானியம் அது. கையளவு சிந்துவதை நாம் பொருட்படுத்துவதில்லை. ஐம்பதினாயிரம் கைகளில் சிந்தும்போதுதான் அதன் அளவு தெரிகிறது. களத்தில் மூட்டை கட்டுவது முதல் கிடங்கில் அடுக்குவது வரை ஒரு மூட்டை நான்கைந்து முறை தூக்கப்படுகிறது. கொக்கி போட்டு இழுக்கும் ஒவ்வொரு முறையும் சாக்கில் ஒரு துளை விழுகிறது.

பெரிய பெட்டி, சிறிய விவசாயி

இனி, நாம் முன்னர் நினைவில் வைத்த செய்திக்கு வருவோம். 1980-களிலிருந்து ரயில்வேயார் ஒற்றைப் பெட்டிகளைச் சேர்த்துப் பிரித்து அனுப்பும் முறையைக் குறைத்து, முழு ரேக்காக ஓரிடத்தில் ஏற்றி ஓரிடத்தில் இறக்கும் முறையைக் கைக்கொண்டனர். இதனால் பெட்டிகள் வழியில் காத்துக் கிடப்பது குறைந்தது. ஆனால் ஒற்றைப் பெட்டி கேட்ட சிறிய நிலையங்களின் சரக்குக் கொட்டகைகள் பல ஓய்ந்தன. பெட்டி பெரிதாகப் பெரிதாக, அதை நிரப்பக்கூடியவரின் எண்ணிக்கை சிறிதாகிறது. பாதி ரேக் அளவான சிறு வண்டிக்கும் ரயில்வேயார் இடமளித்திருக்கின்றனர். அதுவும் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட சரக்கே.

இவ்வனுபவம் நமக்கு மட்டும் உரியதன்று. கனடா நாட்டின் சமவெளி, நமது கரிசலைப் போலவே மழையை நம்பிய தானிய பூமி. அங்கே முற்காலத்தில் சாதாரண மூடு பெட்டியின் வாயிலில் பலகை அடித்து, உள்ளே கோதுமையைக் கொட்டி அனுப்பினார்கள். 1902-ஆம் ஆண்டில், பெட்டிகளை வரிசைப்படி விவசாயிகளுக்கு ஒதுக்காத ரயில்வே முகவர்மீது சின்டலூட்டா என்னும் சிற்றூரின் விவசாயிகள் சங்கமாகக் கூடி வழக்குத் தொடுத்து வென்றனர். பின்னர் கூட்டுறவு முறையில் தாங்களே களஞ்சியங்களைக் கட்டிக்கொண்டனர். 1972 முதல் கனடிய அரசு, மேலே கொட்டி அடியில் திறக்கும் பெட்டிகளை ஆயிரக்கணக்கில் வாங்கி ரயில்வேக்களுக்கு அளித்தது. 2018-க்குப் பின் அவற்றினும் கொள்ளளவு மிகுந்த பெட்டிகள் வந்தன.

பலன் என்னவாயிற்று? தானியம் விரைவாகத் துறைமுகம் அடைந்தது. ஆனால் நீண்ட வண்டியை நிரப்பப் பெரிய களஞ்சியங்களே ஏற்றவையாயின. 1930-களில் ஐயாயிரத்திற்கு மேல் இருந்த கிராமக் களஞ்சியங்கள் இன்று சில நூறாகக் குறைந்துவிட்டன. கிளைப் பாதைகள் பல கைவிடப்பட்டன. விவசாயி முன்னைவிட நெடுந்தூரம் லாரியில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதாயிற்று. ரயில்வேயின் செலவில் குறைந்ததன் ஒரு பகுதி விவசாயியின் வாடகையாக மாறியது. ஒன்றுபட்டு நின்ற இடங்களில் விவசாயிகள் பயன் பெற்றனர். தனித்து நின்றவர்கள் பின்தங்கினர். நமக்கு உரிய பாடம் இதுவே.

நமது கரிசலின் கணக்கு

ஒரு ரேக்கை நிரப்ப நம்மால் இயலுமா? மழை சரியாகப் பெய்த ஆண்டில் ஏக்கருக்கு இருபது குவிண்டால் மக்காச்சோளம் கிடைப்பதாகக் கொள்வோம். 2,600 டன்னுக்கு 1,300 ஏக்கர் வேண்டும். ஒரு பெட்டிக்கு முப்பது ஏக்கர் அளவே போதும். ஆயிரம் உறுப்பினர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் ஒவ்வொருவரும் இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் விதைத்தால், ஒன்றரை ரேக் நிரம்பிவிடும். மேலும், மானாவாரி நிலமாதலால் புரட்டாசி, ஐப்பசியில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் விதைக்கிறோம். தை, மாசியில் ஒரே சமயத்தில் அறுக்கிறோம். ஆகவே தானியம் குறைவு என்பது நமது தடையன்று.

தடைகள் வேறு. ஒருவர் மூட்டை நன்கு காய்ந்தது; அடுத்தவர் மூட்டை ஈரம். ஒன்றில் கல்லும் சக்கையும், மற்றொன்று சுத்தம். சாக்குகளின் எடையும் பலவிதம். இவற்றையெல்லாம் ஒன்றாகக் கலந்தால், வாங்குவோர் மட்டமான மூட்டையின் விலையையே முழுச் சரக்கிற்கும் வைப்பர். அன்றியும், 52,000 மூட்டைகளை ஒன்பது மணி நேரத்தில் ஏற்றுவதாயின், மணிக்கு ஏறத்தாழ 5,800 மூட்டைகள் ஏறவேண்டும். இருபது டன் லாரிகள் 130 அடுத்தடுத்து வந்து போக வேண்டும். குறித்த நேரம் தவறினால் தாமதக் கட்டணம் செலுத்த நேரிடும். சரக்கு முன்னரே ஓரிடத்தில் திரண்டு, ஒரே தரமாக, எடை போட்டுத் தயாராக இருந்தாலன்றி இது நடவாது.

கோவில்பட்டியிலிருந்து நாமக்கல் முந்நூறு கிலோமீட்டருக்கு உட்பட்டது. அவ்வளவு தூரத்திற்கு லாரியே பெரும்பாலும் ஏற்றது. ரயிலின் சிக்கனம் நெடுந்தூரத்தில்தான் வெளிப்படும். ஆனால் லாரியில் அனுப்பினாலும் ரயிலுக்கு வேண்டிய ஒழுங்கையே நாம் கடைப்பிடிக்க வேண்டும். ஏனெனில் வடக்கிலிருந்து வரும் ரேக், பெரும் அளவில் ஒரே நாளில் கிடைக்கும் சரக்கு. ஆலைக்காரர் அதைத் தேடுவதற்கு அதுவே காரணம். பத்து லாரி நிறைய ஒரே தரமான சரக்கு கழுகுமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெயரில் சென்றால், நம்மையும் அவர்கள் தேடி வருவர்.

செய்யவேண்டுவன

விவசாயிகளும் ஊராட்சி உறுப்பினர்களும் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

1. உலர்த்துதல்: மக்காச்சோளத்தின் ஈரம் 14 சதவிகிதத்திற்கு மேற்படாதிருத்தல் வேண்டும். ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடித்து நச்சு உண்டாகும். அது கோழிகளுக்குக் கேடு. பல்லில் கடித்துப் பார்க்கும் வழக்கம் ஓரளவே உதவும். ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்றை ஊருக்குப் பொதுவாக வாங்கி வைத்தல் நலம்.

2. உலர்களம்: நெடுஞ்சாலையில் தானியத்தைப் பரப்புவதால் கல் கலக்கிறது, விபத்தும் நேர்கிறது. அரசுத் திட்டங்களின் துணையோடு சிமெண்டுக் களம் அமைக்க ஊராட்சிகள் முன்வர வேண்டும். இடம் தேர்ந்தெடுக்கும்போது, லாரி வந்து திரும்பத்தக்க இடமாகத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

3. மூட்டை: உறுதியான சாக்கில் சரியாக ஐம்பது கிலோ நிறுத்து, இயந்திரத் தையல் இடுக. கொக்கி பயன்படுத்துவதைத் தவிர்க்க. ஒரே நாளில் அடித்த ஒரே இரகத்தை ஒரு குவியலாக வைத்து அடையாளமிடுக.

4. சேமிப்பு: அறுவடைச் சமயத்தில் அனைவரும் ஒருங்கே விற்பதால் விலை சரிகிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் தானியத்தை வைத்துப் பொருளீட்டுக் கடன் பெற்று, அவசரச் செலவைச் சமாளிக்கலாம். கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாகக் கிராமங்களிலேயே கிடங்கு கட்டும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2023-இல் ஒப்புதல் அளித்தது. தேனி மாவட்டத்துச் சிலமரத்துப்பட்டிக் கூட்டுறவுச் சங்கம் அத்திட்டத்தில் முதலில் இடம்பெற்றவற்றுள் ஒன்று.

5. பெட்டியைப் பார்வையிடுதல்: தானியம் ஏற்றும் மூடு பெட்டிகளே சிமெண்டும் உரமும் ஏற்றுகின்றன. ஆகவே ரயிலில் அனுப்ப நேர்ந்தால், ஏற்றும் முன் பெட்டியைப் பெருக்கித் துடைக்கவேண்டும். கதவை மூடி உள்ளே நின்று பார்த்தால், கூரையில் துளை இருப்பின் வெளிச்சம் தெரியும். கதவோரத்தில் மூட்டை உராயாதபடியும் சாரல் படாதபடியும் தார்ப்பாய் விரிக்க வேண்டும்.

6. ஒன்றுபடுதல்: ஒரு சிற்றூர் தனித்து ஒரு பெட்டியை நிரப்பலாம், ஒரு வண்டியை நிரப்ப இயலாது. பக்கத்து ஊர்கள் ஒரே உற்பத்தியாளர் நிறுவனத்தின் கீழ்ச் சேர்ந்து, விதைக்கும் முன்பே இரகத்தையும், அறுக்கும் முன்பே வாங்குபவரையும் பேசி முடிவு செய்தல் நன்று. சரக்குப் போதிய அளவில் திரளும் என்று எழுத்து மூலம் காட்ட முடிந்தால், ரயில்வேயின் வணிகப் பிரிவினரிடம் சென்று பெட்டி கேட்பதற்கு நமக்கு வலிமை உண்டாகும்.

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது' என்பது பழமொழி. அது கணக்குப் பார்க்கலாகாது என்று கூறுவதன்று. கணக்குப் பார்க்கும் விவசாயிக்கு எங்கே நட்டம் நேர்கிறது என்பதைக் காட்டுவது. ஈரத்தில் ஒரு பங்கு, சிந்துவதில் ஒரு பங்கு, தனித்து விற்பதில் பெரும் பங்கு என அந்த உழக்கு கைநழுவிப் போகிறது. லக்னோவில் ரயில் பெட்டிகளை வடிவமைக்கும் பொறியாளர்கள் இரும்பின் எடையைக் குறைத்துத் தங்கள் கடமையைச் செய்திருக்கின்றனர். அப்பெட்டிக்குள் ஏறும் தானியத்தைக் காய்ந்ததாகவும் சுத்தமானதாகவும் ஒரே அளவினதாகவும் திரட்டித் தருவது நமது கடமை. வருகின்ற தை மாதத்து அறுவடைக்கு முன்னர், ஒவ்வோர் ஊரிலும் விவசாயிகள் கூடி, உலர்களம், ஈரமானி, பொதுக் கிடங்கு ஆகிய மூன்றனுள் தங்கள் ஊருக்கு முதலில் வேண்டுவது எது என்பதைத் தீர்மானித்துச் செயலில் இறங்குவார்களாக.